பூ விழுந்த பக்கம்

ராசிபுரத்திலிருந்து நாமக்கல் போகும் சாலையில், மேட்டுக்காட்டூர் நிறுத்தத்தில் இறங்கிக் கிழக்கே நடந்தால் கிரீன் சிட்டி வரும். பெயரைக் கேட்டு யாரும் ஏமாந்துவிட வேண்டாம். கிரீன் என்று சொல்லிக்கொள்ள அங்கே சீமைக்கருவேலம் இருக்கிறது. சிட்டி என்று சொல்லிக்கொள்ள முப்பது நாற்பது வீடுகளும், அவற்றுக்கு நடுவே கல் நட்ட காலி மனைகளும் இருக்கின்றன. மனை விற்றவர் நுழைவில் ஒரு வளைவு கட்டி, இரண்டு பக்கமும் யானைப் பொம்மை நிறுத்திவிட்டுப் போனார். ஒரு யானைக்குத் தும்பிக்கை உதிர்ந்துவிட்டது. மற்றபடி வளர்ச்சிக்குக் குறைவில்லை என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள்.

அங்கே மூன்றாம் தெருவில் குடியிருந்தாள் சரிதா. காலையில் பக்கத்துக் கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்கும் வேலை. கணவன் நந்தகுமார் ரிக் வண்டியில் போர்வெல் போடப் போகிறவன். வருஷத்தில் பாதி நாள் மராட்டியத்திலோ சத்தீஸ்கரிலோ யாருடைய காட்டையாவது துளைத்துக்கொண்டிருப்பான். ஒரே மகள் தீபிகா, மேட்டுக்காட்டூர் ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் எட்டாவது படித்தாள்.

சரிதாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சாயங்காலம் வேலையெல்லாம் ஓய்ந்ததும் காலி மனைகளுக்கு நடுவே நடப்பாள். கொல்லிமலை அந்த நேரத்தில் நீலமாகி, அப்புறம் சாம்பல் நிறமாகி, இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம் வரும்படி நிற்கும். காலி மனையைப் பார்த்தால் மற்றவர்களுக்கு விலை தெரியும். சரிதாவுக்கு வீடு தெரியும். இதோ மாடி வீடு, மொட்டைமாடியில் யாரோ தலை காயவைக்கிறார்கள். இந்த முக்கில் மருந்துக்கடை. அந்தப் பக்கம் நூலகம், வாசலில் நிறையச் செருப்பு. இல்லாத தெருவிளக்கின் வெளிச்சத்தில், இல்லாத மனிதர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கி நடப்பாள். ரிக்காரன் பெண்டாட்டிக்குக் கொஞ்சம் கழன்றுவிட்டது என்று பார்த்தவர்கள் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். ஊர் வளர்கிறது என்று சொல்கிற எத்தனை பேர் அது எப்படி இருக்கும் என்று ஒரு தடவையாவது நினைத்துப் பார்த்திருக்கிறார்கள்?

கிராம சபையில் மட்டும் அவளிடம் கனவெல்லாம் இருக்காது. அவள் எழுந்து நின்றாலே ஊராட்சித் தலைவர் ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொள்வார். எட்டு நாளைக்கு ஒருமுறை வருகிற குடிநீர், கம்பம் மட்டும் நட்டு விளக்குப் போடாத தெரு, சாக்கடை போய்ச் சேர இடமில்லாமல் திரும்பி வருவது என்று ஒன்றும் விடமாட்டாள். நகராட்சியோடு ஊராட்சியைச் சேர்க்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சுக் கிளம்பியபோது கிரீன் சிட்டிக்காரர்கள் சதுர அடி விலை ஏறும் என்று பூரித்துப் போனார்கள். ஊர்க்காரர்கள் வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று கொதித்துப் போனார்கள். சரிதா இரண்டு பக்கமும் சேரவில்லை. எந்தப் போர்டை வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளுங்கள், குழாயில் தண்ணீர் வரட்டும், பிள்ளைகளுக்கு ஒன்பதாவது வகுப்பு வரட்டும் என்றாள்.

அந்த ஒன்பதாவது வகுப்புதான் அவள் தொண்டையில் சிக்கிய முள். விடிந்தால் மஞ்சள் பஸ்கள் வரிசையாகக் கிரீன் சிட்டிக்குள் வந்து, வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும். நாமக்கல் பக்கம் படிப்பு என்பது பெரிய வியாபாரம்; மார்க் வாங்கிய பிள்ளைகளின் முகம் சாலை நெடுகப் பலகையில் சிரிக்கும். வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்கு எட்டாவதோடு உள்ளூர்ப் பள்ளி முடிந்துவிடும். அப்புறம் உயர்நிலைப் பள்ளிக்கு டவுன் பஸ் பிடிக்க வேண்டும். அது வந்தால் வரும், வராவிட்டால் இல்லை. பையன்கள் எப்படியோ தொற்றிக்கொண்டு போவார்கள். பெண்பிள்ளைகளை வீட்டில் நிறுத்துவார்கள், இல்லாவிட்டால் ஸ்பின்னிங் மில்லுக்கு அனுப்புவார்கள். பக்கத்து வீட்டு ரஹமத்துல்லா, இரும்புக்கடைக்காரர், தன் மகள் ஷாஹீனையும் எட்டோடு நிறுத்திவிடலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தார். சரிதாவே எட்டாவதோடு நின்றவள்தான். நின்ற அன்றைக்கு அழாதவள், இப்போது மகளை நினைத்தால் கண் கலங்கிவிடும்.

கிரீன் சிட்டிக்கு மனை பிரித்தபோதே வரைபடத்தில் பள்ளிக்கூடத்துக்கென்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். சில வருஷம் முன்பு மனை விற்றவரின் ஆட்கள் அதையும் பங்கு போட வந்து சுண்ணாம்புக் கோடு இழுத்துவிட்டுப் போனார்கள். மறுநாள் பொக்லைன் வரும் என்று தெரிந்துவிட்டது. மனுக் கொடுத்து நடக்கிற காரியமா அது? விடியற்காலையில் சரிதா அங்கே கிடந்த, மனை எல்லைக்கு நடுகிற ஓர் அத்துக்கல்லை எடுத்து நடு இடத்தில் நட்டாள். மஞ்சளைக் குழைத்து முழுக்கப் பூசினாள். குங்குமம் வைத்து, ஒரு கைப்பிடி அறுகம்புல்லைச் சாத்தி, சூடம் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து இட்லி ஊற்றினாள். பொக்லைன் ஓட்டி வந்தவன் கல்லைப் பார்த்தான். இறங்கினான். செருப்பைக் கழற்றி, தோப்புக்கரணம் போட்டு, வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான்.

இடம் தப்பியது. ஆனால் பிள்ளையார் தங்கிவிட்டார். அதுதான் கதை. நம் பக்கத்தில் ஒரு கல்லுக்கு மஞ்சள் பூசுவது சுலபம், அழிப்பது முடியாது. ரஹமத்துல்லா கடையிலிருந்து கூரைக்குத் தகரம் வந்தது, காசு வேண்டாம் என்றுவிட்டார். யாரோ வெள்ளிக் கண் வாங்கி ஒட்டினார்கள். யாரோ உண்டியல் வைத்தார்கள். வெள்ளிக்கிழமை பூசை, சங்கடஹர சதுர்த்தி, மைக் செட், அப்புறம் ஒரு கமிட்டி. கமிட்டிக்குத் தலைவர் சின்னுசாமி. கிரீன் சிட்டி முழுக்க ஒரு காலத்தில் அவருடைய கடலைக்காடு. விற்ற பிறகு அந்தப் பக்கம் வர அவருக்குக் காரணம் ஒன்றும் இல்லாமல் போயிற்று. பிள்ளையார் வந்ததும் காரணம் கிடைத்தது. காலையிலும் மாலையிலும் வந்து கூட்டிப் பெருக்கி விளக்குப் போடுவார். கல்லை நட்டவள் என்பதால் சரிதாவுக்குத்தான் எப்போதும் முதல் திருநீறு.

இப்படி இருக்கும்போதுதான் பள்ளியை உயர்நிலைப் பள்ளியாக்க உத்தரவு வந்தது. சரிதாவும் இன்னும் சில பெண்களும் சபைக்குச் சபை தீர்மானம் போட்டு, ஒன்றிய அலுவலகப் படியேறி இறங்கி வாங்கிய உத்தரவு அது. கட்டடத்துக்கு இடம் வேண்டும், இடத்தில் ஆக்கிரமிப்பு எதுவும் இருக்கக் கூடாது. பொறியாளர் ஒருவர் வந்து பார்த்தார். கோயிலைப் பார்த்ததும் அவர் முகம் தொங்கிவிட்டது. சாமியை நாங்கள் தொடமாட்டோம், நீங்களாக மாற்றினால் உண்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் காலி இடத்தைப் படம் பிடித்து அனுப்பாவிட்டால் பள்ளி அடுத்த ஊராட்சிக்குப் போய்விடும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிள்ளையாரை ஊருக்குள் மாரியம்மன் கோயில் வேப்பமரத்தடியில் வைத்துக்கொள்ளலாம் என்றாள் சரிதா. சின்னுசாமி சத்தம் போடுகிற மனிதர் அல்ல. அவர் சொன்னது ஒரே ஒரு விஷயம். கிரீன் சிட்டியில் ஒருத்தர் முகம் ஒருத்தருக்குத் தெரியாமல் இருந்தது, இந்தக் கோயில் வந்த பிறகுதான் ஊரும் சிட்டியும் ஒரே இடத்தில் நின்று பேசுகின்றன, அதை எடுத்துவிட்டால் மறுபடி அவரவர் கேட்டைச் சாத்திக்கொள்வார்கள். அவர் சொன்னதில் பாதி உண்மை என்று அவளுக்கே தெரியும். கடைசியில் இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது, சாமியையே கேட்டுவிடலாம் என்று. வெள்ளிக்கிழமை உச்சிவேளையில் பூ வைத்து உத்தரவு கேட்பது, உத்தரவு கிடைத்தால் எடுப்பது, இல்லாவிட்டால் விட்டுவிடுவது.

வெள்ளிக்கிழமை ஊரே திரண்டுவிட்டது. பொறியாளர் ஜீப்பைப் புங்கமரத்து நிழலில் நிறுத்தச் சொன்னார். பூசாரி வெள்ளியங்கிரி கல்லைக் குளிப்பாட்டி, ஈரத்தோடு உச்சியில் ஒரு வெள்ளை அரளிப் பூவை ஒட்டவைத்தார். வலப்பக்கம் விழுந்தால் சம்மதம், இடப்பக்கம் விழுந்தால் இல்லை. சாமிக்கு வலமா நமக்கு வலமா என்று ஒரு சின்னச் சச்சரவு கிளம்பி, சாமிக்கு வலம் என்று முடிவாயிற்று. பூ விழும்வரை யாரும் பேசக் கூடாது, கிட்டே போகக் கூடாது. வெள்ளியங்கிரி கடைசியாகக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்.

"பூ உத்தரவுல பொய் பேசிரக் கூடாதுங்க. பேசுனா அது அவிய ஊட்டு ஆம்பளையத்தான் போயிச் சேரும்."

பூ விழவில்லை. ஈரம் காய்ந்தது, பூ காய்ந்தது, அப்படியே உச்சியில் ஒட்டிக்கொண்டிருந்தது. கூட்டம் நின்றது, அப்புறம் குந்தியது, அப்புறம் சம்மணம் போட்டது. சும்மா இருப்பானேன் என்று பிரசாதத்தைக் கொடுத்துவிட்டார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. நெய் ஒழுகுகிற சர்க்கரைப் பொங்கல், தொன்னை நிறைய. மாசி மாதத்து மதியம், தகரக் கூரையின் நிழல், கொல்லிமலைப் பக்கமிருந்து மெல்லிசாக ஒரு காற்று. பேசவும் கூடாது. மனிதன் வேறென்ன செய்வான்? ஜீப் டிரைவர் சாய்ந்தார். பிறகு கமிட்டிக்காரர்கள் ஒவ்வொருவராகத் துண்டை விரித்தார்கள். பூசாரியின் தாடை மார்பில் இறங்கியது. பெண்கள் ஒருத்தி தோளில் ஒருத்தி சாய்ந்துகொண்டார்கள்.

சரிதா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து பூவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே இருந்ததில் பூ மெல்ல மங்கியது. கல்லும் மங்கியது. கல்லுக்குப் பின்னால் வெயிலில் அலையாடிக்கொண்டிருந்த வெற்றிடம் தெளியத் தொடங்கியது.

முதலில் படிக்கட்டு வந்தது. அப்புறம் நீளமான வராந்தா, அதன் ஓரத்தில் வாளிகள். சுவர்கள் சத்தமில்லாமல் எழும்பின. சைக்கிள் நிறுத்தம், தண்ணீர்த் தொட்டி, கொடிக்கம்பம். யாரோ மணி அடித்தார்கள். மண்பாதையில் பெண்பிள்ளைகள் வந்தார்கள். இரட்டைச் சடை, ரிப்பன், முதுகில் பை. எங்கிருந்துதான் இத்தனை பேர் என்று அவளுக்கு வியப்பாக இருந்தது. கல் நட்ட மனைகளிலிருந்தெல்லாம் எழுந்து வந்தார்கள். தீபிகாவும் ஷாஹீனும் கைகோத்துக்கொண்டு அவளைக் கவனிக்காமல் கடந்து போனார்கள். மில்லுக்குப் போன எதிர்வீட்டுப் பெண்கூட வந்தாள், தலையில் பஞ்சு இல்லாமல். சரிதாவும் எழுந்து அவர்கள் பின்னால் போனாள். ஜன்னலோரப் பெஞ்சில் அவளுக்கு இடம் இருந்தது. மரப்பலகை வெயில் பட்டுக் கதகதப்பாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கொல்லிமலை அப்போதுதான் யாரோ வரைந்துவிட்டுப் போன மாதிரி ஈரமாக நின்றது. டீச்சர் பெயர் கூப்பிட்டுக்கொண்டே வந்தார். அவள் பெயர் வரப்போகிறது. வந்துவிட்டது. எழுந்து நின்று வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அவளுக்கு ஒரு பயமும் இல்லை. சந்தோஷத்தில்தான் வரவில்லை என்று தெரிந்தது. இத்தனை வருஷம் கழித்தும் அந்தப் பெஞ்சில் தனக்கு இடம் வைத்திருக்கிறார்களே என்று நினைத்தாள்.

தகரம் தடதடவென்று அடித்தது. ஒரு சுழற்காற்று மண்ணை வாரிக்கொண்டு கோயிலைச் சுற்றிவிட்டுத் தெருவில் இறங்கிப் போயிற்று. எல்லோரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தார்கள்.

கல்லின் உச்சியில் பூ இல்லை.

தேடினார்கள். கல்லுக்கு நேர் முன்னால், பத்தடி தள்ளி, ஜீப்பின் சக்கரத்தடியில் கிடந்தது. வலமும் இல்லை, இடமும் இல்லை. காற்று வந்துதான் விழுந்ததா, விழுந்த பிறகு காற்று தள்ளியதா? யார் பார்த்தது என்று வெள்ளியங்கிரி கேட்டார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். நான் ஒரு நிமிஷம்தான் கண்ணை மூடினேன் என்று ஆளாளுக்கு முணுமுணுத்தார்கள். மறுபடி பூ வைக்கலாமா என்றால், ஒரு நாளைக்கு ஒரு பூதான், இனி அடுத்த வெள்ளிதான் என்றார் பூசாரி. பொறியாளர் தன் கைபேசியைப் பார்த்துவிட்டு, தனக்கு ஒரு வாரமெல்லாம் இல்லை என்று தலையாட்டினார்.

அப்போது யாரோ, ரிக்காரர் வீட்டு அம்மா தூங்கவில்லையே, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாரே என்றார்கள். எல்லாத் தலையும் அவள் பக்கம் திரும்பியது. வெள்ளியங்கிரி கையைக் கூப்பிக்கொண்டு கேட்டார்.

"அம்மிணி, நீ பாத்துட்டே இருந்தயே. எந்தப் பக்கம் உழுந்துச்சு?"

சரிதா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பூ விழுந்தது அவளுக்குத் தெரியாது. தெரியாது என்று சொன்னால் பள்ளி போய்விடும். வலப்பக்கம் என்று சொன்னால் பொய். நந்தகுமார் அந்நேரம் எங்கோ ஒரு காட்டில், கம்ப்ரஸர் இரைச்சலில், புழுதிக்கு முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு குழாயைப் பிடித்து நிற்பான். இரும்புக் குழாய் நழுவினால் கை போகும். சங்கிலி அறுந்தால் ஆளே போவான். போன வருஷம் அவனோடு வேலை செய்தவனைப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். முந்தின நாள் போனில் அவன் பேசியது, சாப்பிட்டயா, பாப்பா சாப்பிட்டாளா, அவ்வளவுதான். அவனை அவளுக்கு மிகவும் பிடிக்கும். இருபது வயதில் கட்டிக்கொண்டதிலிருந்து அவனை ஒரு நாளும் பணயம் வைத்ததில்லை.

கூட்டத்தின் ஓரத்தில் தீபிகா நின்றாள். ஒன்றும் கேட்கவில்லை. அந்தப் பெண் எப்போதுமே எதையும் கேட்காது. கேட்டுக் கிடைக்காமல் போவதைவிடக் கேட்காமலே இருந்துவிடலாம் என்று இந்த வயதிலேயே கற்றுக்கொண்டுவிட்டது. அதைப் பார்த்ததும்தான் சரிதாவுக்குத் தொண்டை திறந்தது.

"வலப்பக்கமுங்க," என்றாள். "சாமிக்கு வலப்பக்கம் உழுந்துச்சு. அதுக்கப்பறந்தான் காத்து வந்து தள்ளிட்டுப் போச்சுங்க."

அவள் குரல் அவளுக்கே யாருடையதோ போலக் கேட்டது. கமிட்டியில் ஒருவர், ஒருத்தர் மட்டும் பார்த்ததை வைத்து எப்படி என்று இழுத்தார். இன்னொருவர், பள்ளிக்கூடம் வேண்டுமென்று அலைந்தவளே சாட்சியா என்றார். நியாயமான கேள்விதான்.

சின்னுசாமி அதுவரை தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கையை ஊன்றி மெதுவாக எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். சரிதாவை ஒரு பார்வை பார்த்தார். அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"அம்மிணி சொல்றது நெசந்தானுங்க," என்றார். "வலப்பக்கந்தான் உழுந்துச்சு. நானும் பாத்தேன்."

கமிட்டித் தலைவரே சொன்ன பிறகு யார் என்ன பேசுவார்கள்? பெண்கள் குலவையிட்டார்கள். கடப்பாரை வந்தது. வெள்ளியங்கிரி மந்திரம் சொல்லச் சொல்லக் கல்லைச் சுற்றி மண்ணைப் பறித்தார்கள். தகரத்தை இறக்க ரஹமத்துல்லா கடையிலிருந்தே ஆள் வந்தது. வெறும் கல்தான், ஆனாலும் சின்னுசாமி யாரையும் தொடவிடவில்லை. துண்டைச் சும்மாடாகச் சுருட்டி வைத்துத் தன் தோளில் ஏற்றச் சொன்னார். காலி இடத்தைப் பொறியாளர் நாலு பக்கமும் படம் பிடித்துக்கொண்டிருக்க, பம்பைக்காரர்கள் முன்னால் போக, ஊர்வலம் மாரியம்மன் கோயிலைப் பார்த்து நகர்ந்தது.

சரிதா சின்னுசாமிக்குப் பக்கத்திலேயே நடந்தாள். மகிழ்ச்சியாக இருக்க வேண்டிய நேரம். கல் அவர் தோளில் மட்டுமல்ல, அவள் நெஞ்சிலும் இருந்தது. அவர் உண்மையிலேயே பார்த்திருந்தால் தான் சொன்னது பொய்யாகாது, நந்தகுமாருக்கு ஒன்றும் வராது. அதை மட்டும் தெரிந்துகொண்டால் போதும். பம்பைச் சத்தத்தில் பின்னால் வருகிறவர்களுக்குக் கேட்காது என்று தெரிந்ததும் கேட்டுவிட்டாள்.

"ஐயா, நீங்க நெசமாலுமே பாத்தீங்களா?"

அவர் கல்லைத் தோளில் சரிசெய்துகொண்டார். சாலை அவருடைய பழைய காட்டின் நடுவே போயிற்று. அவர் அந்தப் பக்கம் இந்தப் பக்கம் திரும்பாமல் நேராகப் பார்த்து நடந்தார்.

"எங்க அம்மிணி பாத்தேன்? ஒரு தொன்னைப் பொங்கலத் தின்னுபோட்டு மொத ஆளாத் தூங்கிப் போனவன் நாந்தான்," என்றார். "நீ பாக்கலைன்னு உம்மொகத்துலயே தெரிஞ்சுச்சு. நந்தகுமாரு அத்தாந்தூரத்துல கெடக்கறான், குத்தம் பூராத்தையும் நீ ஒருத்தியே ஏன் தூக்கோணும்? பாதி என்னுது. நட."

சரிதா அழுதுகொண்டே அவரோடு நடந்தாள். பின்னால் வந்தவர்கள் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்கள்.